கடவுச்சொல் சரி, கதவுதான் திறக்கவில்லை



திம்புள்ள பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமது பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. மாதர் சங்கத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணனியும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. சங்கத்துக்கு ஜீமெயிலில் ஒரு முகவரி உண்டு. அவர் கேட்பது இதுதான்: "அக்கா, கையடக்கத் தொலைபேசியில் திறந்தால் மின்னஞ்சல் திறக்கிறது. அதே கடவுச்சொல்லைக் கணனியில் அவுட்லுக்கில் போட்டால் பிழை, பிழை என்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து பத்துத் தடவை போட்டேன். தலவாக்கலையில் கணனி திருத்துகிற தம்பி, பாதுகாப்பை எல்லாம் எடுத்துவிட்டால் சில நேரம் வேலை செய்யும் என்கிறார். எடுத்துவிடட்டுமா?"

எடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் கடவுச்சொல்லும் சரி, உங்கள் கண்ணும் சரி. வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அந்தத் தம்பி எடுக்கச் சொல்வது எதை என்று தெரிந்துகொள்வோம். இதே யோசனையைக் கேட்டு ஒரு காலத்தில் நானும் எடுத்தவள்தான். என்ன நடந்தது என்பதையும் சொல்லுகிறேன்.

நம் பக்கத்தில் கடிதம் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. லயத்தில் இருக்கும் பலருக்கு வீட்டு இலக்கம், வீதிப் பெயர் என்று சொந்த முகவரி கிடையாது. தோட்டத்துப் பெயரும் டிவிஷன் பெயரும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது மனம் வைத்து எடுத்து வந்து தர வேண்டும். என் தம்பிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் கைக்கு வந்தது. உறையும் ஏற்கெனவே பிரிந்திருந்தது. யார் பிரித்தார்கள் என்று யாரைக் கேட்பது? அம்மா அந்த உறையை நெடுநாள் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்.

அதனால்தான் மின்னஞ்சல் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆபீஸ் நடுவில் இல்லை, கடிதம் நேராக நமக்கே வரும் என்று நினைத்தேன். நேராக வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கணனியில் உள்ள அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களை ஒரு தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வர் என்று சொல்வது தபால் கந்தோர். அது கொழும்பிலும் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம். நமது தபால்காரர் அங்கே போய், "இந்தச் சங்கத்துக்குக் கடிதம் உண்டா?" என்று கேட்கிறார். "நீ அந்தச் சங்கத்து ஆள்தானா?" என்று கந்தோர் கேட்கிறது. அவர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்கிறார். கடிதம் எடுக்கப் போகும்போதும் சொல்ல வேண்டும், கொடுக்கப் போகும்போதும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார் என்று அமைத்திருந்தால், நாள் முழுக்க சொல்லிக்கொண்டே இருப்பார். நாம் ஒரு தடவை தட்டச்சு செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடவுச்சொல்லோ வழியில் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்த வழி நீளமானது. முதலில் நமது வைபை பெட்டி, பிறகு தொலைபேசி நிறுவனத்தின் இயந்திரங்கள், அதன் பிறகு இன்னும் பல. சத்தமாகச் சொன்னால் வழியில் இருக்கும் யாரும் கேட்கலாம்.

தொடக்கத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மின்னஞ்சல் அனுப்புவதற்கான விதிகளை அமெரிக்காவில் ஜொனதன் போஸ்டல் என்பவர் 1982 இல் எழுதியபோது, அனுப்புகிறவர் யார் என்று உறுதி செய்யும் ஏற்பாடே அதில் இல்லை. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் பயன்படுத்திய காலம். ஒருவரையொருவர் தெரியும். அனுப்பும்போதும் கடவுச்சொல் கேட்கும் முறைக்கு 1999 இல்தான் விதி எழுதினார்கள். அந்தக் கடவுச்சொல்லும் பல இடங்களில் பூட்டில்லாமலே போனது.

பூட்டில்லாமல் என்றால், அப்படியே வெறும் எழுத்தில் போகாது, புரியாத எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது என்று சிலர் சொல்வார்கள். அது ஓரளவு உண்மை. சின்ன வயதில் நாம் ‘க’ பாஷை பேசுவோமே, நினைவிருக்கிறதா? "நான் வாறேன்" என்பதை "கநாகன் கவாகறேகன்" என்போம். பெரியவர்களுக்கு விளங்காது என்று நமக்கு நினைப்பு. அடுத்த லயத்துப் பிள்ளைக்கு உடனே விளங்கும். பூட்டில்லாத வழியில் கடவுச்சொல் போகும் மாறுவேடம் அந்த அளவுதான். திருப்பிப் படிக்க ஒரு நொடி போதும்.

உண்மையான பூட்டுக்கு எஸ்.எஸ்.எல். என்று பெயர். அதன் புதிய வடிவம் டி.எல்.எஸ். இந்தப் பூட்டு இருந்தால் கணனியும் கந்தோரும் முதலில் தங்களுக்குள் ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் கடவுச்சொல் போகும். வழியில் இருப்பவருக்குக் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து. அதற்கு முன் இன்னொரு காரியமும் நடக்கிறது. கந்தோர் தனது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதைச் சான்றிதழ் என்கிறார்கள். எந்தப் பெயருக்குக் கொடுத்தது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செல்லும், யார் உறுதிப்படுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழியில் ஒருவன் நின்றுகொண்டு "நான்தான் தபால் கந்தோர், கடவுச்சொல்லை என்னிடம் சொல்" என்றால் அவனிடம் அந்த அட்டை இருக்காது. அடையாள அட்டைக்காக நம் தாய்மார் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? இங்கே அட்டையைக் கேட்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். அதைக் கேட்காமல் விடலாமா?

கேட்காமல் விட்டவள் நான். 2018 ஆம் ஆண்டு மழைக்காலம். நான் செயலாளராக இருந்த சங்கத்துக்குச் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வேண்டும் என்று ஆசைப்பட்டு, மலிவாகக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வாங்கியிருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணனி. பெட்டரி செத்துப்போனது. கரண்ட் வயரைக் கழற்றினால் நாளும் நேரமும் மறந்துவிடும். அடுத்த நாள் போட்டால், 2009 ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று காட்டும். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சுவரில் கலண்டர் இருக்கிறதே, கணனியில் யார் திகதி பார்க்கிறார்கள்?

ஒரு நாள் அவுட்லுக் கடிதம் எடுக்க மறுத்தது. சேர்வரின் சான்றிதழ் செல்லாது, தொடரவா என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினேன். திரும்பவும் கேட்டது. திரும்பவும் ‘ஆம்’. இப்படி ஒரு கிழமை. பிறகு நகரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, பஸ் காசுகூட வாங்கவில்லை. அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்பு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று வைத்தார். கடிதம் எடுக்கும் கதவின் இலக்கத்தை 995 இலிருந்து 110 ஆக மாற்றினார். அனுப்பும் கதவில் இருந்த பூட்டையும் கழற்றினார். எல்லாக் கடிதமும் மளமளவென்று இறங்கியது. நான் சந்தோஷத்தில் அவருக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தனுப்பினேன்.

காரணம் என்ன என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. சேர்வரின் சான்றிதழ் 2018 இல் கொடுத்தது. கணனியோ இன்றைக்கு 2009 என்று நம்பிக்கொண்டிருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அடையாள அட்டையா என்று அது சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. திகதியைச் சரி செய்திருந்தால் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். நாணயம் அளவு வட்டப் பெட்டரி ஒன்று உள்ளே இருக்கிறது. அதை மாற்றியிருந்தால் திரும்ப வந்திருக்காது.

அந்தக் கணனியை இரண்டு தடவை பயிற்சி வகுப்புகளுக்குக் கொண்டுபோனோம். அங்கே இலவச வைபை. பூட்டில்லாத கடவுச்சொல், ஊருக்கெல்லாம் பொதுவான வைபை.

மறு வருடம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பொருளாளர் அக்காவுக்குக் கனடாவிலிருந்து அழைப்பு. நம் தோட்டத்தில் பிறந்து அங்கே குடியேறியவர். முன்பள்ளிப் பிள்ளைகளின் பால்மாவுக்கு வருடத்துக்கு ஒரு தடவை பணம் அனுப்புகிறவர். "என்னக்கா, பேங்க் கணக்கை மாத்திட்டீங்களாமே? புதுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கு. அனுப்ப முதல் ஒரு வார்த்தை கேட்போம்னு எடுத்தேன்" என்றார். நாங்கள் மாற்றவில்லை. அந்த மின்னஞ்சலை நாங்கள் எழுதவும் இல்லை. ஆனால் அது எங்கள் முகவரியிலிருந்து, எங்கள் பழைய கடிதத்துக்குப் பதிலாக, கீழே என் பெயரோடு போயிருந்தது. என் பெயரைப் பார்த்தபோது கை நடுங்கியது. சங்கத்தில் சிலர் ஒரு வாரம் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பணம் போகவில்லை. அவர் தொலைபேசி எடுத்ததால் தப்பியது.

கடவுச்சொல் எந்த இடத்தில் போனது என்று எங்களுக்குச் சொல்ல யாராலும் முடியவில்லை. வைபையில் போயிருக்கலாம், வேறு வழியிலும் போயிருக்கலாம். கதவு ஒன்பது மாதம் திறந்து கிடந்தது என்பது மட்டும் நிச்சயம். இன்னொன்றையும் அப்போதுதான் கண்டோம். மின்னஞ்சல் பெட்டியின் அமைப்புகளில், வரும் கடிதம் ஒவ்வொன்றின் பிரதியும் தெரியாத ஒரு முகவரிக்குப் போகும்படி யாரோ வைத்திருந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தப் பிரதி போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே சகோதரிகளே, சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ‘முன்னனுப்புதல்’ அல்லது ‘ஃபோர்வர்டிங்’ என்ற இடத்தையும், ‘ஃபில்டர்’ என்ற இடத்தையும் போய்ப் பாருங்கள். இப்படிப்பட்ட காரியம் நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் கணனிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். பொலிஸில் முறையிடலாம்.

இனி திம்புள்ள சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

ஜீமெயில்காரர்களான கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், வெறும் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் சொல்லி உள்ளே வரும் மென்பொருள்களைத் தடுக்கத் தொடங்கியது. அந்த மாதம் நாமெல்லாம் பெட்ரோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றுகொண்டிருந்தோம். இதை யார் கவனித்தார்கள்! மின்வெட்டு முடிந்து கணனியைப் போட்டால் கடவுச்சொல் பிழை என்றது. பலர் தாங்களே மறந்துவிட்டதாக நினைத்துக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகும் திறக்கவில்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் அதே ஆண்டு ஒக்டோபரில் அலுவலகக் கணக்குகளுக்கும், 2024 செப்டெம்பரில் ஹொட்மெயில், அவுட்லுக் போன்ற தனியார் கணக்குகளுக்கும் இதைச் செய்தது. முன்னறிவித்தல் கொடுத்தார்கள்தான். அது எத்தனை பேருக்குத் தமிழில் விளங்கியிருக்கும் என்பது வேறு கேள்வி.

இப்போது நல்ல வழி என்ன? தண்டர்பேர்ட் என்ற மென்பொருள் இலவசம். அதில் ஜீமெயில் முகவரியைக் கொடுத்தால் அது கடவுச்சொல்லைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளாது. கூகுளின் சொந்தப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டும். அங்கே நீங்கள் உள்நுழைந்து, இந்த மென்பொருள் என் கடிதங்களைப் பார்க்கலாம் என்று சம்மதம் கொடுக்கிறீர்கள். கூகுள் அதற்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறது. இதற்குப் பெயர் ஓஓத். இனிமேல் கந்தோருக்குப் போகும்போது தபால்காரர் அந்தத் துண்டைத்தான் காட்டுவார். கடவுச்சொல் அவருக்குத் தெரியவே தெரியாது.

துண்டு என்ற சொல் நம் முன்னோருக்கு இனிய சொல் இல்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும் என்று அவர்களைக் கட்டி வைத்தார்கள். அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921 இல். இந்தத் துண்டை எழுதச் சொல்வதும் நாம், கிழிப்பதும் நாம். கணனி களவு போனால் தொலைபேசியிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு கணனியின் அனுமதியை மட்டும் நீக்கிவிடலாம்.

அவுட்லுக்தான் வேண்டும், அதுவும் பழைய அவுட்லுக் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் கூகுள் கணக்கில் முதலில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு தொலைபேசியிலும் ஒரு தடவை உறுதி கேட்கும் முறை அது. அதைப் போட்ட பிறகுதான் ‘அப் பாஸ்வேர்ட்’ என்ற வசதி கிடைக்கும். அதில் 16 எழுத்துள்ள ஒரு தனிக் கடவுச்சொல்லைக் கூகுளே உருவாக்கித் தரும். ஒரு தடவைதான் காட்டும். அதை அவுட்லுக்கில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் போடுங்கள். கொப்பியில் எழுதி வைக்கத் தேவையில்லை, வேண்டும்போது புதிதாக இன்னொன்று எடுக்கலாம். உங்கள் பிரதான கடவுச்சொல்லை மாற்றினால் இவை எல்லாம் செல்லாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் பிழை, பிழை என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கதவு இலக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். ஐமேப் முறையில் கடிதம் எடுக்க 993. பொப் முறை என்றால் 995. அனுப்புவதற்கு 465, அல்லது ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்று தேர்ந்து 587. எங்கேயாவது 110, 143 என்று இருந்து பக்கத்தில் பாதுகாப்பு ‘இல்லை’ என்றிருந்தால் அது பூட்டில்லாத கதவு. ஜீமெயில் இப்போது அந்தக் கதவுகளை வைத்திருக்கவே இல்லை. எனவே தலவாக்கலைத் தம்பி சொன்னபடி எடுத்தாலும் உங்களுக்கு வேலை செய்திருக்காது. சங்கங்கள், பாடசாலைகள் மலிவாக வாங்கும் சேர்வர்களில்தான் அவை இன்னும் திறந்து கிடக்கும்.

வாட்ஸ்அப் இருக்கிறது, மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகளைக் கேளுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை விண்ணப்பம், வெளிநாட்டு விசா என்று எதை எடுத்தாலும் முதலில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். பிள்ளை அவசரத்துக்குக் கொமினிகேஷன் கடைக்கு ஓடுகிறது. கடைக்காரர் நிமிடத்தில் முகவரி உருவாக்கி, கடவுச்சொல்லுக்குப் பிள்ளையின் பெயரோடு 123 சேர்த்து, கணக்கை மீட்கும் இலக்கமாகத் தன் தொலைபேசி இலக்கத்தையே போட்டுவிடுகிறார். எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வேகத்துக்காகச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளையுடையது என்று சொல்ல முடியுமா? நாளைக்குக் கடைக்காரர் இலக்கத்தை மாற்றினால், கடவுச்சொல் மறந்துபோன பிள்ளைக்குத் திரும்ப உள்ளே போக வழி இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கணக்கு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து மீட்பு இலக்கத்தை வீட்டு இலக்கமாக மாற்றுங்கள்.

திம்புள்ள சகோதரிக்கு இன்னும் சில வரி. முதலில் கணனியின் வலது பக்க மூலையில் திகதியைப் பாருங்கள். சரியாக இருந்தால் அப் பாஸ்வேர்ட் எடுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் திறக்காவிட்டால் கணனி மிகப் பழையதாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி போன்றவற்றுக்கு இன்றைய பூட்டைப் போடத் தெரியாது. அப்படியானால் வீணாக மல்லுக்கட்டாமல் தொலைபேசியிலேயே பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த விண்டோஸ், எந்த வருடத்து அவுட்லுக் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம். இந்தத் தடவை கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். நான் கறுப்பு மையால் அடித்துவிட்டேன். ஆனாலும் கடிதம் என் கைக்கு வரும் வரைக்கும் எத்தனை கை மாறியதோ, இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.